பெடல் தரையைத் தொட்ட மாலை

11 வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது காரின் முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதைப் பார்த்தால் அந்த மாலை எனக்குத் திரும்ப வந்துவிடும். மனசுக்கு வருவதற்கு முன்னால் வலது பாதத்துக்கு வந்துவிடும். மிதிக்கிறேன், கீழே எதுவுமே இல்லை. இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் அங்கே படி இல்லாமல் போகுமே, அந்த மாதிரி.

அன்று முன்சக்கரம் இரண்டுக்கும் பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்கை அழுத்திப் பிடிக்கிற பட்டைகள், மாற்றியிருந்தேன். முதல் தடவை, கூட யாரும் இல்லாமல். காலையில் உட்கார்ந்த வேலை. பேடைத் தாங்கிப் பிடிக்கிற காலிபரில், இடது பக்க போல்ட் ஒன்று துருவேறி அசைய மறுத்தது. துரு இளக்கும் எண்ணெயை அடித்து, காத்திருந்து, மறுபடி அடித்து, அதிலேயே மத்தியானம் கழிந்துவிட்டது. பழைய பேட் தேய்ந்து வெறும் தகடாகியிருந்தது. புது பேட் நல்ல தடிமன். அது உள்ளே நுழைய வேண்டுமானால் காலிபருக்குள் இருக்கிற பிஸ்டனை அதன் குழிக்குள் திரும்பத் தள்ள வேண்டும். சி கிளாம்பை வைத்துத் திருகித் திருகித் தள்ளினேன். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனபோது அவ்வளவு சந்தோஷம். பேட் கச்சிதமாக உட்கார்ந்தது. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, ஜாக்கியை இறக்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். வண்டி நின்ற இடம் பின்பக்கமாகச் சற்றே சரிவு. ஸ்டார்ட் செய்து ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் வண்டி தானாகவே பின்னால் நகர ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா மகள், அப்போது அவளுக்கு 6 வயது, தன் சின்ன சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சரிவின் அடியில் நிற்கிறாள். "மாமா, முடிஞ்சுதா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

பிரேக்கை மிதித்தேன். பெடல் நேராகத் தரைக்குப் போய்விட்டது.

கை தன்பாட்டுக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. அதன் கேபிள் பின்சக்கரங்களுக்குப் போவது. அந்தப் பக்கம் நான் அன்று கையே வைக்கவில்லை, அதனால் பிடித்தது. இறங்கிப் பார்த்தால் பம்பருக்கும் அவள் சைக்கிளுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. அவளுக்கு எதுவும் புரியவில்லை. "புது பெல்லு மாமா" என்று மணியை அடித்துக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். குரல் எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பிஸ்டனைப் பின்னால் தள்ளியதும் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். பெடலை ஒரு தடவை மிதிக்கும்போது, அதோடு இணைந்த பம்பான மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற திரவம் கொஞ்சம்தான். அது அந்த இடைவெளியை அடைப்பதற்கே சரியாகப் போய்விடும், டிஸ்கைப் பிடிக்க அழுத்தம் மிஞ்சாது. வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே நாலைந்து தடவை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொடும், பெடல் கெட்டியாகும். பத்து நொடி வேலை. எனக்கு இது தெரியாமல் இல்லை. முதல் நாள் ராத்திரிதான் படித்திருந்தேன். ஆனால் வேலை முடிந்துவிட்டது என்கிற நினைப்பும், காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிற தவிப்பும் சேர்ந்து அந்தப் பத்து நொடியை விழுங்கிவிட்டன.

என் கார் தவறுகளில் அதிகம் செலவு வைத்தவை வேறு. இன்ஜினே போயிருக்கிறது, அதையும் எழுதப்போகிறேன். ஆனாலும் ராத்திரி தூக்கம் வராதபோது வந்து நிற்பது காசே செலவாகாத இந்தத் தவறுதான்.

இதை எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. வண்டியில் சாமானைக் கழற்றும்போது நான் பெரிதாகத் தப்புப் பண்ணியதே இல்லை. கழற்றும்போது பயம் இருக்கும், எதை எங்கிருந்து எடுத்தோம் என்று கண் கவனிக்கும். பூட்டும்போது அந்தப் பயம் போய்விடுகிறது. கெடுத்ததெல்லாம் பூட்டும்போதுதான்.

ஆயில் மாற்றப் பழகிய காலத்தில் நடந்தது ஒன்று. பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வாயில் இருக்கிற ரப்பர் வளையமும் கூடவே வர வேண்டும். சில சமயம் வராது. சூட்டில் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். கறுத்த உலோகத்தின் மேல் கறுத்த வளையம், சுற்றிலும் ஆயில் வழிகிற இடம், கண்ணுக்குப் பிடிபடாது. விரலை ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்திருக்கும். நான் சுற்றவில்லை. புது ஃபில்டரை அதன் புது வளையத்தோடு பழைய வளையத்தின் மேலேயே வைத்து முடுக்கிவிட்டேன். கைக்கு நன்றாகப் பிடித்த மாதிரிதான் இருந்தது. ஸ்டார்ட் செய்தேன். ஆயில் பம்பு கொடுத்த அழுத்தத்தில் ஒரு வளையம் இன்னொன்றின் மேல் வழுக்கி வெளியே பிதுங்கியது. புதிதாக ஊற்றிய 4 லிட்டரில் பாதிக்கு மேல் கண் மூடித் திறப்பதற்குள் தரையில் கிடந்தது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்து உடனே அணைத்தேன். இன்ஜின் பிழைத்தது. நெடுஞ்சாலையில் அது நடந்திருந்தால் பிழைத்திருக்காது.

அதே ஆயில் வேலையில் இன்னொன்று. அடியில் இருக்கிற, ஆயிலை வடிப்பதற்கான டிரெயின் போல்ட். ஆயில் சொட்டிவிடுமோ என்ற பயத்தில் பலம் கொண்ட மட்டும் முடுக்குவது என் பழக்கமாக இருந்தது. அந்த வண்டியின் ஆயில் சம்ப், அதாவது ஆயில் தேங்குகிற அடித்தொட்டி, அலுமினியம். போல்ட் இரும்பு. மரை சாகப்போகும்போது கைக்கு ஒரு சேதி வரும். அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முடுக்க முடுக்க இறுகிக்கொண்டே வருகிற போல்ட், திடீரென்று ஒரு கால் சுற்று சுலபமாகத் திரும்பும். இறுகுகிறது என்று நினைத்துக் கை மேலும் தள்ளும். அதற்குள் மரை முழுதும் சுருள் சுருளாகப் பெயர்ந்து போல்ட்டோடு வந்திருக்கும். வெள்ளிக் கம்பியைச் சீவிய மாதிரி மினுமினுவென்று அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த போல்ட்டுக்குக் கம்பெனி சொன்ன முறுக்கு விசை 30 நியூட்டன் மீட்டர். 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற அளவு. ஒரு கையால், அலட்டிக்கொள்ளாமல் கொடுக்கிற விசை அது. நான் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்திருக்கிறேன். ஆயில் சொட்டாமல் காப்பது என் பலம் கிடையாது, அடியில் இருக்கிற அந்தச் சின்ன வாஷர். நசுங்கி அடைப்பதற்காகவே செய்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டியது. நான் பழைய வாஷரையே போட்டுவிட்டு, அது செய்ய வேண்டிய வேலையைக் கையால் செய்யப் பார்த்திருக்கிறேன். முறுக்கு விசையை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் வாங்கியது அதற்கப்புறம்தான். ஸ்பேனர் பிடிக்கிற யாரும் முதலில் வாங்க வேண்டிய சாமான் அது என்பது என் அபிப்பிராயம். மற்றதெல்லாம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வாயால் செய்த தவறு. நான் வண்டியைத் தொடவே இல்லை.

தம்பி போன் செய்தான். "அண்ணா, பிரேக் ஆயில் கம்மின்னு லைட் எரியுது. என்ன பண்ணட்டும்?" நான் வேறு ஏதோ அவசரத்தில் இருந்தேன். "அலமாரில டப்பா இருக்கும் பாரு, கொஞ்சம் ஊத்திக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அலமாரியில் இரண்டு டப்பா இருந்தன. ஒன்று பிரேக்குக்கு உரியது, மற்றது இன்ஜின் ஆயில். அவன் எடுத்தது இன்ஜின் ஆயில். அவனை எப்படிக் குறை சொல்வது? நாம் எல்லோரும் அதை 'பிரேக் ஆயில்' என்றுதானே சொல்கிறோம். ஆயில் என்று கேட்டான், ஆயில் என்று எழுதியிருந்த டப்பாவை எடுத்தான்.

அது ஆயிலே இல்லை. பெரும்பாலான கார்களில் போடுகிற டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவங்கள். பிரேக்குக்குள் இருக்கிற ரப்பர் சீல்கள் அந்தத் திரவத்துக்கென்றே செய்தவை. கனிம எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். இரண்டு நாள் தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது நாள் வண்டி இழுக்கவில்லை, ஏதோ கருகுகிற வாசனை. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தின் அருகே கை கொண்டுபோக முடியாத சூடு. பருத்த சீல் மாஸ்டர் சிலிண்டருக்குள் திரவம் திரும்பிப் போகிற துளையை அடைத்துக்கொண்டது. காலை எடுத்தாலும் அழுத்தம் இறங்கவில்லை, பேட் டிஸ்கை விடவில்லை. மாஸ்டர் சிலிண்டர், காலிபர் சீல்கள், ரப்பர் குழாய்கள், எண்ணெய் தொட்ட ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. எதையாவது ஒன்றை விட்டுவைத்தால் அது எந்த நாளில் ஊறிப்போய்க் காலை வாரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. அந்த விளக்கு எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்தைத் திரவம் போய் நிரப்பும், மேலே டப்பாவில் மட்டம் இறங்கும். கசிவு இல்லாத வண்டியில் மட்டம் இறங்குகிறது என்றால் பேட் முடியப்போகிறது என்று அர்த்தம். தம்பியிடம் நான் "முதல்ல பேட் பாரு" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சுபாவம் கொண்டது என்பதையும் அப்போதுதான் சரியாகப் படித்தேன். புதிய டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீத ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதிக்கும்போது திரவம் கொதித்து ஆவியானால், ஆவி அழுந்திக்கொடுக்கும், பெடல் தரைக்குப் போகும். அந்த உணர்வு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்தத் திரவத்தை மாற்றாமல் நான் இருப்பதில்லை.

இப்போது அப்பாவின் வண்டி.

அப்பா 14 வருடம் வைத்திருந்த வண்டி அது. கதவை அவர் சாத்துகிற சத்தமே தனி. கைப்பிடியைப் பிடித்து மெதுவாகக் கொண்டுவந்து கடைசியில் ஓர் அழுத்து அழுத்துவார். கண் பார்வை மங்க ஆரம்பித்ததும் சாவியை என்னிடம் கொடுத்தார். "தண்ணி மட்டும் பாத்துக்கோப்பா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

பார்த்துக்கொண்டேன். அதாவது, குறைந்தபோதெல்லாம் ஊற்றினேன். வாரத்துக்கு ஒரு தடவை, இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட்டின் டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கும், குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்புவேன். ஒரு மாதம் இப்படியே போயிற்று. அது மூடிய சுற்று. ரேடியேட்டர், பம்பு, இன்ஜின், திரும்ப ரேடியேட்டர். வாரா வாரம் குறைகிற தண்ணீர் எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும்? வண்டி நிற்கிற தரையில் ஈரம் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும். இரண்டையும் நான் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவே அடைக்கிற ஹெட் கேஸ்கட்டில் எங்கோ நூலளவு விட்டுப்போய், தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் அப்பாவை அழைத்துக்கொண்டு மலைப்பாதையில் போனேன். ஏற்றத்தில் வெப்ப முள் நடுவைத் தாண்டி ஏறியது. சிவப்பைத் தொடப்போகிறது, நிறுத்தலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே முள் கடகடவென்று இறங்கியது. எனக்கு ஓர் ஆசுவாசம். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார், "வண்டிய ஓரங்கட்டுப்பா. ஏதோ இனிப்பா ஒரு வாசனை வருது."

"முள்ளு இறங்கிடுச்சுப்பா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

அந்த இனிப்பு வாசனைதான் கூலன்ட். கொதித்து வெளியேறிக்கொண்டிருந்தது. முள் இறங்கியதற்குக் காரணம் இன்ஜின் குளிர்ந்தது இல்லை. வெப்பத்தை அளக்கிற சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் போய்விட்டால் அதைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான், பாவம் அது எதைச் சொல்லும்? அடுத்த இருபது நிமிடம் தண்ணீரே இல்லாத இன்ஜினை ஏற்றத்தில் ஓட்டியிருக்கிறேன். பக்கத்தில் அப்பா. இரண்டாவது தடவை அவர் சொல்லவில்லை. நான் ஓட்டும்போது குறுக்கே பேசக் கூடாது என்று அவர் தனக்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்.

வண்டி தானாகவே நின்றபோது பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியாதவர், எப்படித்தான் அவ்வளவு சரியாகப் பிடித்தாரோ. அந்த மூடி உள்ளே ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தைக் கட்டிவைத்திருக்கும். அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த மாத்திரத்தில் அழுத்தம் போய், மிச்சமிருப்பது கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும்.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஹெட்டைத் துடைத்துத் தலைகீழாக மேசையில் வைத்திருந்தார். அதன் மேல் நேரான எஃகுப் பட்டை ஒன்றைக் குறுக்காக வைத்து, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளின் கொத்தான ஃபீலர் கேஜிலிருந்து 0.10 மில்லிமீட்டர் இலையைப் பிரித்து என் கையில் கொடுத்தார். "உள்ள விட்டுப் பாருங்க தம்பி. இது நுழையவே கூடாது." நடுவில் விட்டேன். தடையில்லாமல் போய் அந்தப் பக்கம் வந்தது. அடுத்த இலை. அதுவும் போயிற்று. அலுமினியம் சூட்டில் விரிகிற அளவு வார்ப்பிரும்பு விரிகிற அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கீழே பிளாக் இரும்பு, மேலே ஹெட் அலுமினியம், நடுவே போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மேலே இருப்பது விரியப் பார்த்து, வழியில்லாமல் வளைந்துவிட்டது. இரண்டு வால்வுகளுக்கு நடுவே ஒரு வெடிப்பு. அதைக் காட்டத் தேவையே இருக்கவில்லை.

"தண்ணி எவ்வளவு நாளா கொறையுது?"

"ஒரு மாசம்ணே."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் கேஸ்கட்டோடு போயிருக்கும். இப்போது இன்ஜின் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிவிட்டது. வண்டியை உடைக்கக் கொடுத்தோம். அப்பா கடைசியாக ஒரு தடவை கதவைத் திறந்து, தன் வழக்கப்படி சாத்தினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜாக்கி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விளக்க ஒன்றும் இல்லை. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து சைலன்சர் வேலை பார்த்தேன். ஸ்டாண்டு வைக்கவில்லை. வேலை பாக்கியிருந்ததால் வண்டியை அப்படியே தூக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஜாக்கி ஒரு சாண் இறங்கியிருந்தது. ஹைட்ராலிக் ஜாக்கியில் அத்தனை எடையையும் தாங்கிப் பிடிப்பது உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் சீலும், கோலி போல ஒரு சின்ன எஃகுக் குண்டும்தான். என் மார்பு இருந்த இடத்துக்கு மேலே குறுக்குச் சட்டம் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்று கையை வைத்து அளந்து பார்த்தேன். தூக்குவதற்கு ஜாக்கி, நிறுத்துவதற்கு ஸ்டாண்டு. இதில் மாற்றுக் கருத்து உள்ளவரோடு நான் விவாதிப்பதுகூட இல்லை, அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரும்வரை பக்கத்தில் நிற்பேன்.

வாங்கும்போது செய்த தவறும் இருக்கிறது. பழைய கார் ஒன்று, பார்த்ததும் பிடித்துவிட்டது. நிறம் அப்படி. டைமிங் பெல்ட் மாற்றியாயிற்றா என்று கேட்டேன். போன வருடம்தான் மாற்றினேன் என்றார் விற்றவர். பில் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் வாங்க முடியாமல் போய்விடுமே என்ற பயம். நம்ப வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்ட பிறகு எதைக் கேட்பது? ஐந்தாவது மாதம், ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட் அறுந்தது. பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. இன்ஜின் சத்தம் சட்டென்று இல்லாமல் போனது, அவ்வளவுதான். ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, இலேசாகச் சுற்றியது. அழுத்தம் இல்லாத வெற்றுச் சுற்று. அது என்ன சத்தம் என்று தெரியாமல் நாலு தடவை திருப்பினேன்.

இன்ஜின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு விலகிவிட வேண்டும். நிறைய இன்ஜின்களில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த முறையைக் காப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்ததும் திறந்தபடி நின்ற வால்வுகளைப் பிஸ்டன்கள் வந்து முட்டின. எட்டு வால்வு வளைந்திருந்தது. இப்போதெல்லாம் பில் இல்லாத பெல்ட்டை நான் மாற்றாத பெல்ட் என்றே எடுத்துக்கொள்கிறேன். ரப்பருக்கு வயதும் உண்டு, ஓடிய கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை.

'செக் இன்ஜின்' விளக்கு பற்றி இரண்டு வார்த்தை. ஸ்கேனர் வைத்துப் பார்த்தேன், பி 0171 என்று வந்தது. காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அர்த்தம். அதைச் சொல்வது ஆக்சிஜன் சென்சார் என்று படித்ததும் அதை மாற்றினேன். விளக்கு திரும்ப வந்தது. காற்றை அளக்கிற சென்சாரை மாற்றினேன். பிறகு பெட்ரோல் பம்பு. மூன்று மாதம். கடைசியில் இன்ஜினுக்குப் பின்னால், கை மட்டுமே எட்டுகிற இடத்தில், விரல் தடிமன் ரப்பர் குழாய் ஒன்று வளைவில் கிழிந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் சென்சார் முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல நிலையில் இருந்த அந்தச் சென்சாரை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்தக் குழாயை விரலால் தொட்டபோது அதன் விளிம்பு உதடு மாதிரி விரலைக் கவ்வி உறிஞ்சியது இன்னும் நினைவிருக்கிறது.

வேலை செய்கிற என் முறை இப்போது மாறியிருக்கிறது. சக்கரத்தில் கை வைக்கிற நாளில், ஜாக்கியை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஒரு சிவப்புத் துணியை ஸ்டியரிங்கில் கட்டிவிடுவேன். வேலை முடிந்து, வண்டி தரையில் நின்று, உட்கார்ந்து பெடலை மிதித்து, அது காலுக்குக் கெட்டியாக நின்றபின்தான் அந்த முடிச்சை அவிழ்ப்பது. அதுவரை சாவி பானட்டுக்கு அடியில், பிரேக் திரவ டப்பாவின் பக்கத்தில் இருக்கும். எவ்வளவு அவசரமானாலும் அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். 17 வயது. வண்டி வேலை பார்க்கிறேன் என்றதும் தானும் வருகிறேன் என்று உட்கார்ந்துகொண்டாள். கையில் கிரீஸ் படுவதைப் பற்றிக் கவலையே இல்லாத பெண். ஸ்டாண்டு வைக்கச் சொல்லிக்கொடுத்தேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பார்த்துவிட்டு, "இந்தத் துணி எதுக்கு மாமா?" என்றாள்.

சும்மா ஒரு ஞாபகத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டேன். சைக்கிள், மணி, சரிவு, பெடல், இரண்டு முழம், எல்லாவற்றையும். அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. சைக்கிள் மட்டும் ஞாபகம் இருக்கிறதாம், மணியும்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நான்தான் சொல்லணும்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "நான் எங்க நின்னேன்?" என்றாள். காட்டினேன். எழுந்து போய் அந்த இடத்தில் நின்றாள். அங்கிருந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நடந்து வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கால் வைத்து, மெதுவாக எண்ணிக்கொண்டே மிதிக்க ஆரம்பித்தாள்.